31 பேர் உட்கார்ந்திருந்த அரங்கு: குமரி மாவட்டத்தில் ஒரு காதல் நகைச்சுவைப் படத்தின் விளம்பரம் – நிகழ்வு ஆய்வு

வெள்ளிக்கிழமை பகல் காட்சி. நாகர்கோவிலில் 600 பேர் உட்காரக்கூடிய ஓர் அரங்கின் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று தலைகளை எண்ணினேன். 31 பேர். படம் தொடங்கி இருபது நிமிடத்தில் கல்யாணப் பந்திக் காட்சி வரும். சமையல் ஒப்பந்தக்காரரின் மகளான நாயகி, பந்தியில் உட்கார்ந்திருக்கும் நாயகனுக்குப் பாயசம் விட்டுக்கொண்டே கேள்வி கேட்பாள். அவன் சொல்லும் ஒவ்வொரு பொய்க்கும் இன்னொரு கரண்டி விழும். பாயசம் இலை விளிம்பைத் தொடும்போது உண்மையைச் சொல்லிவிடுவான்.

எங்கள் மாவட்டத்தில் பாயசத்தை இலையில்தான் விடுவார்கள். பப்படத்தை நொறுக்கி, மட்டி வாழைப்பழத்தைப் பிசைந்து, வழிவதற்குள் கையால் அணை கட்டிச் சாப்பிடுவது இங்கே பிறந்தவர்களுக்குக் கைவந்த வித்தை. இந்தக் காட்சிக்கு வேறு எந்த ஊரையும்விட இங்கே அதிகமாகச் சிரிப்பார்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். முன்வரிசையில் ஒருவர் சிரிக்கத் தொடங்கினார். இரண்டு பக்கத்து இருக்கைகளும் காலி. தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். நிறுத்திக்கொண்டார்.

அவர் தலையைத் திருப்பிய அந்த ஒரு கணம் எனக்குச் சொன்னதைப் புரிந்துகொள்ள ஓர் இரவு ஆயிற்று. இந்த ஆய்வை அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் விநியோகஸ்தர் தரப்பில் இந்த மாவட்டத்து விளம்பர வேலையைப் பார்ப்பவன். கணக்கு வழக்கில் பலர் சம்பந்தப்பட்டிருப்பதால் படத்தின் பெயரையோ நடிகர்களின் பெயரையோ இங்கே எழுதவில்லை. கல்யாணப் போட்டோ எடுக்கும் ஓர் இளைஞனும் சமையல்காரர் மகளும் மற்றவர்களின் கல்யாண வீடுகளிலேயே சந்தித்து, சண்டையிட்டு, காதலிக்கும் கதை. நாயகன் புதுமுகம். நாயகிக்கு இது மூன்றாவது படம். 'யு' சான்றிதழ். இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டும் நீளம். வில்லன் கிடையாது, அடிதடி கிடையாது. பார்த்த நாள் முதல் எனக்குப் பிடித்த படம். அதனால்தான் அந்த 31 பேர் என்னை அவ்வளவு வருத்தினார்கள்.

ஏரியா, தேதி, மழை

தமிழ்ப்பட வியாபாரத்தில் கன்னியாகுமரி தனியாக விற்பனையாவதில்லை. திருநெல்வேலியோடு சேர்த்து 'டி.கே. ஏரியா' என்பார்கள். போஸ்டர் வாசகம் முதல் காட்சிகளின் எண்ணிக்கை வரை பலவும் நெல்லையை மனத்தில் வைத்தே முடிவாகின்றன. நெல்லையும் குமரியும் ஒன்றல்ல என்பது இங்கே தொழில் செய்யும் எவருக்கும் தெரியும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த பகுதி இது. மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்துத் தமிழர்கள் மலையாளப் படத்தை யாருடைய விளக்கமும் இல்லாமல் பார்த்து ரசிப்பவர்கள். குரலை உயர்த்தாத நகைச்சுவையும் வீட்டுத் திண்ணையிலேயே நடந்து முடியும் காதலும் அவர்களுக்கு நெடுநாள் பழக்கம். எங்கள் படமும் அந்த வகைதான். ஆனால் டிரெய்லரில் ஒவ்வொரு வசனத்துக்குப் பின்னாலும் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் சேர்த்திருந்தார்கள். 'இங்கே சிரியுங்கள்' என்று தோளில் தட்டுவது போல இருந்தது. மாற்றச் சொன்னேன், நேரமில்லை என்று பதில் வந்தது.

தேதி விஷயத்தில் பழி என்னுடையது. தயாரிப்பாளர் முதலில் கேட்டது மார்ச் மாதம். 2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்ட மக்களில் 46.85 சதவீதத்தினர் கிறிஸ்தவர்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கடற்கரை ஊர்களில் பல குடும்பங்கள் சினிமாவுக்குப் போவதில்லை. மாசிக் கடைசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைவிழா வேறு. மார்ச் வேண்டவே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தேன். பெரிய படங்கள் இல்லாத ஜூன் முதல் வெள்ளிக்கிழமைக்குப் போனார்கள்.

மீன்பிடித் தடைக் காலத்தை நான் கணக்கில் வைக்கவில்லை. இந்த மாவட்டத்துக்கு இரண்டு தடைக் காலங்கள் உண்டு என்பது வெளியூர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கும். சின்னமுட்டம் துறைமுகம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருகிறது. அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கடற்கரைக் கணக்கு. அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆக ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் மாவட்டம் முழுவதும் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். நாட்டுப் படகுகளுக்குத் தடையில்லை என்றாலும் பருவக்காற்றில் கடல் அவர்களையும் பல நாட்கள் கரையில் உட்கார வைத்துவிடும். கையில் காசு புழங்காத அந்த இரண்டு வாரத்தில்தான் நாங்கள் படத்தை இறக்கினோம். போஸ்டர் அடித்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது. உடனே அடுத்த தவறையும் செய்தேன்: கடற்கரை ஊர்களுக்குச் செலவு செய்ய வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். குளச்சலில் ஒரு போஸ்டர்கூட ஒட்டவில்லை.

மேற்கே ரப்பர் பக்கம் கதை வேறு. குலசேகரம், அருமனைப் பகுதியில் பால்வெட்டுக்காரர்கள் விடியுமுன் தோட்டத்துக்குப் போய் நண்பகலுக்குள் வீடு திரும்பிவிடுவார்கள். மழை நாளில் பெரும்பாலும் வெட்டே கிடையாது. மனிதர்களுக்கு நேரம் இருந்தது. நாங்கள்தான் அவர்களிடம் போகவில்லை.

மழையைப் பற்றி ஒரு சொல். மைதாவைக் காய்ச்சி மயில்துத்தம் கலந்த பசையில்தான் இன்றும் சுவரொட்டி நிற்கிறது. ஜூன் சாரலில் அது காய்வதில்லை. காலையில் ஒட்டிய நான்கு ஷீட் போஸ்டர் மாலைக்குள் மெல்லச் சரிந்து, நாயகனின் கன்னம் நாயகியின் பெயர் மேல் மடிந்து கிடக்கும். எங்களுக்குப் போஸ்டர் ஒட்டுபவர் இருபது வருடமாக இந்த வேலை செய்பவர். "சுவரை விடுங்கள் அண்ணாச்சி. டீக்கடை, முடிவெட்டும் கடை, பேக்கரி, இவற்றின் உள்சுவர் போதும். சின்ன ஷீட் கொடுங்கள்" என்றார். அச்சடித்ததெல்லாம் பெரிய ஷீட்.

புதன், வியாழன்: மைக்கைப் பிடித்த நடிகர்கள்

நடிகர்களை வைத்து நாங்கள் செய்தது வழக்கமான வேலை. புதன்கிழமை திறந்த வண்டியில் நாகர்கோவில் வடசேரியிலிருந்து மணிமேடை வரை ஊர்வலம். வியாழக்கிழமை ஒரு கல்லூரி. நாயகனுக்கும் நாயகிக்கும் ஆளுக்கொரு மைக். 'எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்' என்று கூவினார்கள். மாணவர்கள் திருப்பிக் கூவினார்கள். செல்ஃபி எடுத்தார்கள். அரை மணி நேரம் அரங்கு அதிர்ந்தது. முடிந்த பிறகு வாசலில் நின்று, வெளியே வந்த பிள்ளைகளிடம் படத்தின் பெயரைக் கேட்டேன். ஒரு பெண் நாயகியின் சேலை நிறத்தைச் சரியாகச் சொன்னாள். படத்தின் பெயர் யாருக்கும் நினைவில் இல்லை.

நடிகர்கள் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நாயகி இயல்பில் தாழ்ந்த குரலில் பேசுபவர். அவருடைய நகைச்சுவையே அந்தத் தாழ்ந்த குரலில்தான் இருக்கிறது. அவர் கையில் மைக்கைக் கொடுத்துக் கூவச் சொன்னபோது, படத்தில் அவரிடம் இருக்கும் ஒரே பெரிய பலத்தை நாங்களே பறித்துக்கொண்டோம். நாயகனோ கூட்டத்தைப் பார்த்தால் திக்குபவர். திக்கல் படத்தில் அழகாக இருக்கிறது. மேடையில் பரிதாபமாக இருந்தது.

படத்தில் அத்தை வேடத்தில் நடித்த அம்மாவை நாங்கள் அழைக்கவே இல்லை. போஸ்டரில் அவர் முகம் இல்லை. அவர் இரணியல் பக்கத்துக்காரர். சிறுவயதில் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக் குழுவில் பாடியவர். படத்தில் அவர் பேசுவது நம் ஊர்ப் பேச்சு. ஊர்க்காரர் ஒருவர் நடித்த படத்துக்கு ஊரிலேயே அவரை மறைத்து வைத்தோம் என்று இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

மாவட்டம் முழுவதும் ஐந்து திரைகள், திரைக்கு நான்கு காட்சிகள். ஒரு நாளைக்கு 20 காட்சிகள் என்று விளம்பரத்தில் பெருமையாகப் போட்டோம்.

சனிக்கிழமை

வெள்ளிக்கிழமை இரவு கணக்கு வந்தது. எந்தக் காட்சியிலும் கால் பங்கு இருக்கைகூட நிரம்பவில்லை. ஆனால் நாகர்கோவில் அரங்கின் நான்கு காட்சிகளுக்கும் விற்ற டிக்கெட்டுகளைக் கூட்டிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்திருந்தால், அதே வளாகத்தின் 150 இருக்கைச் சின்னத் திரை நிறைந்திருக்கும்.

அடிதடிப் படத்தை வெறும் அரங்கில் பார்த்தாலும் சத்தம் பார்ப்பவரை இழுத்துக்கொண்டு போகும். பேய்ப் படத்துக்குக் காலி இருக்கைகள் இன்னும் உதவிகூடச் செய்யும். நகைச்சுவைக்குப் பக்கத்து இருக்கை தேவை. ஒருவர் சிரித்தால் இன்னொருவருக்குத் துணிச்சல் வருகிறது; இரண்டு பேர் சிரித்தால் அந்த வரிசை சிரிக்கிறது. காதலும் நகைச்சுவையும் சேர்ந்த படத்துக்கு இது இரட்டிப்பாகத் தேவை. இருட்டில் தனியாக உட்கார்ந்து இரண்டு பேர் வெட்கப்படுவதைப் பார்க்கும்போது பார்ப்பவருக்கும் கூச்சம் வருகிறது. சிரிப்புதான் அந்தக் கூச்சத்தைக் கரைக்கிறது. 20 காட்சிகளில் மக்களைப் பிரித்துப் போட்டு, படத்தை நாங்களே கொன்றுகொண்டிருந்தோம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அரங்கு மேலாளர் அண்ணாச்சியைப் பார்த்தேன். பெரிய திரையை விட்டுவிடுகிறேன், சின்னத் திரையில் மாலைக் காட்சி மட்டும் கொடுங்கள் என்றேன். அவருக்கு அதிர்ச்சி. "தம்பி, மூன்று காட்சியை நீயே விட்டுக் கொடுத்தால் படம் ஓடவில்லை என்று நீயே ஊருக்குப் பறைசாற்றுகிறாய் என்று ஆகும். விட்ட காட்சியை இன்னொரு படம் பிடித்துக்கொள்ளும். திங்கட்கிழமை வந்து கேட்டால் என்னால் தர முடியாது" என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. விநியோகஸ்தரும் போனில் அதையேதான் சொன்னார். பகல் காட்சியை மட்டுமாவது வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் அதற்கும் ஒப்பவில்லை. அந்த நாளில் எனக்கு இருந்த ஒரே சாட்சி, முன்வரிசைக்காரரின் தலைத் திருப்பல்.

இடம் மாற்றுவது சொல்வது போல எளிதாக இல்லை. இப்போது படம் டிஜிட்டல் கோப்பாக வருகிறது. ஒவ்வொரு திரைக்கும் தனிச் சாவி. குறிப்பிட்ட சர்வரில், குறிப்பிட்ட நாட்களுக்குள் மட்டும்தான் அது படத்தைத் திறக்கும். பெரிய திரையின் சாவி சின்னத் திரையில் வேலை செய்யாது. புதுச் சாவிக்கு எழுதிவிட்டு ஆபரேட்டர் அறையில் காத்திருந்தோம். 6.30 காட்சிக்கு 6.50 வரை சாவி வரவில்லை. வெளியே தாழ்வாரத்தில் நூறு பேருக்கு மேல் நின்றுகொண்டிருந்தார்கள்.

அத்தை அம்மா அன்று தன் சொந்தக்காரர்களோடு டிக்கெட் வாங்கிப் படம் பார்க்க வந்திருந்தார். கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியதும் அவரே நடுவில் போய் நின்றுகொண்டார். மைக் இல்லை. பேயன்குழியில் தன்னைப் பெண் பார்க்க வந்த கதையைச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் வீடு மாறிப் பக்கத்து வீட்டுக்குப் போய் அங்கே இருந்த பெண்ணைப் பிடித்துப்போன கதை. முன்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பின்னால் நின்றவர்கள் என்னவென்று கேட்டு நெருங்கி வந்தார்கள். 25 நிமிடம் தாமதமாகக் கதவு திறந்தபோது சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனார்கள். பாயசக் காட்சியில் ஒரு வசனமும் எனக்குக் கேட்கவில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

தோவாளையில் ஒரு நார்

அதே சனிக்கிழமை விடியற்காலையில் நடந்தது இது. நாயகியும் நாயகனும் ஊர் திரும்புமுன் தோவாளைப் பூச்சந்தையைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். படமெடுக்கும் திட்டம் எதுவும் இல்லை. சந்தையிலிருந்து ஒரு மாலை கட்டும் பெரியவர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். 2025-ல் புவிசார் குறியீடு பெற்ற தோவாளை மாணிக்க மாலை கட்டிக்கொண்டிருந்தார். சிவப்பு அரளி, வெள்ளை அரளி, பச்சை நொச்சி இலை. பூவையும் இலையையும் மடித்து மடித்து நாரில் பின்னிக்கொண்டு போகும்போது, மாலை உருண்டு திரளாமல் பாய் போலத் தட்டையாக விரிகிறது. அதில் கட்டம் கட்டமாகக் கல் பதித்தது போன்ற கோலம் விழுகிறது. ஒரு மடிப்பு பிசகினால் அந்த வரிசையே கோணிவிடும்.

பெரியவர் நாரின் ஒரு முனையை நாயகனிடம் கொடுத்தார். பூ மடிக்கும் வேலையை நாயகியிடம் கொடுத்தார். நாயகன் பலமாக இழுத்தார். அரளி கிழிந்தது. "மக்களே, மெதுவாகப் பிடி. பூ அழுகிறது பார்" என்றார் பெரியவர். மறுபடி இழுத்தார், மறுபடி கிழிந்தது. நாயகி தலையை நிமிர்த்தாமல், தன் இயல்பான தாழ்ந்த குரலில், "தாத்தா, இவரை வைத்துக் கட்டினால் கல்யாணத்துக்குச் சொன்ன மாலை வளைகாப்புக்குத்தான் கிடைக்கும்" என்றார். பெரியவர் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த பூக்கூடை சாய்ந்தது. நாயகன் திக்கித் திக்கி ஏதோ சமாதானம் சொல்ல, நாயகி கிழிந்த பூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி நாயகனின் சட்டைப் பையில் போட்டார்.

என் போனில் பதிவானது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. இசை சேர்க்கவில்லை, 'டொய்ங்' சேர்க்கவில்லை. அடியில் படத்தின் பெயரும் 'மாலை 6.30, ஒரே காட்சி' என்ற வரியும் மட்டும். மதியம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மாலைக்குள் அது என் சொந்தக்காரர்களிடமிருந்தே எனக்குத் திரும்பி வந்தது. ஊர்வலத்தில் முகத்தை மட்டும் காட்டிய நடிகர்கள் இங்கே தங்கள் நடிப்பின் இயல்பைக் காட்டிவிட்டார்கள். அவள் கேலி செய்வாள், அவன் தடுமாறுவான், இருவருக்கும் ஒருவரையொருவர் பிடிக்கும். முழுப் படமும் அதுதான். கைக்கு ஒரு வேலை கொடுத்தால் நடிகர்கள் தங்களை மறந்துவிடுகிறார்கள் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

வில்லும் குடமும்

தாழ்வாரத்தில் தற்செயலாக நடந்ததை ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே செய்தோம். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டில் தொடங்கி நாடகத்துக்கும் சினிமாவுக்கும் போனவர். திரையில் அவரும் டி.ஏ. மதுரமும் ஜோடியாக நின்றாலே அரங்கு சிரிக்கத் தயாராகிவிடும். மணிமேடையில் அவர் சிலையைத் தாண்டித்தான் எங்கள் ஊர்வலம் போனது. அப்போது எனக்கு இது தோன்றவில்லை.

அத்தை அம்மா தனக்குத் தெரிந்த குழுவிலிருந்து குடம், உடுக்கை, கட்டையோடு மூன்று பேரை அழைத்து வந்தார். திரைக்கு முன்னால் வில்லைச் சாய்த்து, அதை அடிக்கும் வீசுகோலோடு தானே உட்கார்ந்துகொண்டார். படத்தின் கதையைச் சொல்லவில்லை. ஒரு கல்யாண வீட்டில் பாயசம் தீர்ந்துபோன கதையை ஏழு நிமிடம் பாடினார். வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் 'ஆமாம்' போடுவார். மூன்றாவது நிமிடத்தில் அரங்கே 'ஆமாம்' போட்டது. அங்கிருந்து நேராகப் படம். நாகர்கோவிலில் எங்கள் படத்துக்கு முதல் முறையாக 'ஹவுஸ்ஃபுல்' பலகை வைத்தது அன்றுதான்.

டிக்கெட் கவுன்டரில் நின்று யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று விசாரித்தேன். முட்டம், கடியப்பட்டணம், மணக்குடி. படகு கரையில் இருப்பதால் வீட்டு ஆண்கள் மனைவி மக்களோடு வந்திருந்தார்கள். காசு குறைவுதான், ஆனால் மாதத்துக்கு ஒரு படம் என்றால் குடும்பமாகச் சிரிக்கிற படமாக இருக்கட்டும் என்று ஒரு பெண் சொன்னார். நான் போஸ்டரே ஒட்டாத ஊர்களிலிருந்து வந்தவர்கள் இவர்கள். திங்கட்கிழமை குளச்சலுக்கும் முட்டத்துக்கும் அத்தையின் முகம் மட்டும் போட்ட சின்ன ஷீட் போஸ்டர்கள் போயின; எல்லாம் கடைகளின் உள்சுவருக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணாச்சி தானாகவே பெரிய திரையின் மாலைக் காட்சியைக் கொடுத்தார். படம் அங்கே நான்காவது வாரம் வரை ஓடியது.

மார்த்தாண்டம்

விநியோகஸ்தர் இன்றும் தோவாளை வீடியோவால்தான் படம் பிழைத்தது என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்குக் காரணம் மார்த்தாண்டம்.

அதே வீடியோ அங்கும் போனது. நாகர்கோவிலைவிட அங்கேதான் அதிகம் பேர் எனக்கு அதை அனுப்பினார்கள். ஆனால் சனிக்கிழமை நான் நாகர்கோவில் சாவிப் பிரச்சினையில் சிக்கிக்கொண்டதால் மார்த்தாண்டத்துக்குப் போகவில்லை. காட்சிகளைக் குறைக்கவும் சொல்லவில்லை. நான்கு காட்சிகளும் பெரிய அரங்கிலேயே நடந்தன. வீடியோ பார்த்து வந்தவர்கள் நான்காகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு அங்கே படம் பார்த்த என் மைத்துனன், "நல்ல படம்தான் அத்தான், ஆனால் ஏனோ சிரிப்பே வரவில்லை" என்றான். திங்கட்கிழமை ஒரே காட்சியாகச் சுருக்கினார்கள், அதுவும் காலை 11 மணிக்கு. வியாழக்கிழமையோடு எடுத்துவிட்டார்கள்.

அந்த வாரம் அங்கே ஒரு மலையாளப் படமும் வெளியானது. மழையும் மேற்கே கடுமையாக இருந்தது. ஆகவே காட்சிகளைக் குறைக்காததுதான் ஒரே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் படத்தை மாவட்டத்தில் வேறு எவரையும்விட நன்றாக ரசித்திருக்கக் கூடியவர்கள் அவர்கள் என்பதை உறுதியாகச் சொல்வேன். அவர்களுக்கு இந்தப் படத்தைச் சரியாகக் காட்டாமல் விட்டது என் மனத்தில் இன்னும் கிடக்கிறது.

பிறகு அந்த அரங்கின் மேலாளரைப் போய்ப் பார்த்தேன். அடுத்து இப்படி ஒரு படம் வந்தால் முதல் நாளிலிருந்தே மாலைக் காட்சி ஒன்று மட்டும் தாருங்கள், நிறைந்தால் கூட்டுங்கள் என்று கேட்டேன். நீண்ட நேரம் யோசித்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து கையால் எழுதிய பஸ் நேர அட்டையை எடுத்தார். குலசேகரத்துக்கும் அருமனைக்கும் போகிற கடைசிப் பஸ்களின் கீழ் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தது. "6.30-க்குத் தொடங்கினால் கடைசி அரை மணி நேரத்தில் பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். கடிகாரம் பார்ப்பவன் எப்படிச் சிரிப்பான்? 5.45 என்றால் தருகிறேன்" என்றார்.

5.45 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.